சாரணர் கடல்கடந்த பயணத்தில் இட்லிப்பொடியின் இடம்: ஓர் ஆய்வு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பள்ளிச் சாரணர்கள் மே மாத விடுமுறையில் சிங்கப்பூர், மலேசியா என்று கிளம்பினால் எதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்பதைப் பள்ளி ஆண்டு மலர்கள் விரிவாகவே பதிவு செய்திருக்கின்றன. எதைத் தின்றார்கள் என்று ஆராய்ந்தவர் எவருமிலர். அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. நம் கருதுகோள்: இப்பயணங்களின் நடுநாயகம் ஊர் பார்ப்பதன்று, இட்லிப்பொடியே.

முதலில் வரலாறு. 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது சொச்சம் பையன்களைக் கூட்டி முதல் முகாம் நடத்தினார். அடுத்த பத்தாண்டு வாக்கில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சங்கம் கண்டு, அவர்கள் தலையில் தலைப்பாகையைக் கட்டிவிட்டார்கள். 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. தலைப்பாகை போயிற்று, ‘எப்போதும் தயார்’ என்ற முழக்கம் நின்றது. தயாராக இருப்பவர் சாரணரே எனின், அற்றன்று. சாரணரின் தாயார் என்க.

சான்று, திருமுல்லைவாயில் வீடு ஒன்றில் கிடைத்தது. புறப்பாட்டுக்கு முதல்நாள் மாலை. பையன் தரையில் சம்மணமிட்டுப் பொடி டப்பாவுக்குக் கயிறு கட்டுகிறான். முகாமில் கற்ற ரீஃப் நாட். இழுத்தால் அவிழ்கிறது.

“விடுடா, நான் கட்டறேன்.”

“அம்மா, அங்க எல்லாம் சாப்பாடு குடுப்பாங்கம்மா.”

“குடுப்பாங்க. நீ சாப்பிடணுமே.”

டப்பா பாலிதீன் கவருக்குள் போகிறது. வாயை முறுக்கி, மடித்து, ரப்பர் பேண்டை மூன்று சுற்று. மேலே இன்னொரு கவர். அதற்கும் மேலே அப்பாவின் பழைய பனியன். நல்லெண்ணெய் பாட்டிலுக்கும் இதே மரியாதை. எந்தச் சாரணர் கையேட்டிலும் இம்முடிச்சு இல்லை. அவிழ்ந்ததாகவும் தகவல் இல்லை. பெட்டி எடை மீறுகிறதென்று அப்பா ஒரு ஜோடி ஷூவை வெளியே எடுக்க, அந்த இடத்தில் புளிக்காய்ச்சல் குடியேறுகிறது. இதனால் பெறப்படும் விதி: பெட்டியில் காலியாகும் இடம் எதுவாயினும் புளிக்காய்ச்சலால் நிரம்பும்.

அடுத்த களம் மீனம்பாக்கம். நாலு மணி நேரம் சொச்சம் பறக்கும் பயணத்துக்கு, பைபாஸ் நெரிசலுக்குப் பயந்து, ஆவடியிலிருந்து முந்தின நாள் சாயங்காலமே கிளம்பிவிடுகிறார்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் ஆகாது என்பது விதி. தக்காளித் தொக்கு திடமா, திரவமா? இத்தத்துவ விசாரத்தில் பாதுகாப்புச் சோதனை மேசை எப்போதும் திரவக் கட்சி. கொப்பரைத் தேங்காயின் கதை இன்னும் மோசம். எண்ணெய்ச் சத்து மிகுந்து தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய சரக்கு என்று அதற்கு ஐ.நா. எண் 1363 கொடுத்து ஆபத்தான பொருள்களோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். பாட்டிமார் இதை நம்புவதில்லை.

ஊர் பார்த்ததைச் சுருக்கமாக முடிக்கலாம். சிங்கப்பூர் மெர்லயன் சிலை 1972இல் நிறுவப்பட்டது, உயரம் 8.6 மீட்டர், எடை 70 டன். அதன் வாயிலிருந்து வரும் தண்ணீரைத் தம் வாயில் பிடிப்பதுபோல் எல்லாரும் போட்டோ எடுத்தனர். மலேசியாவின் பத்துமலையில் 272 படிகள், 140 அடி முருகன். ஆத்தூர் பக்கம் முத்துமலையில் 146 அடி முருகன் இருப்பதால் இவ்வகையில் விமானச் செலவு வீண் என்பது இக்கட்டுரையாளரின் தனிக் கருத்து.

உணவு உலாவோ பொருள் செறிந்தது. சிங்கப்பூரின் ஹாக்கர் சென்டர் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் தன் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய புகழுடைய இடத்தில் வழிகாட்டி சிக்கன் ரைஸ், லக்சா, காயா தடவிய டோஸ்ட் என்று வரிசையாகக் காட்டுகிறார். பிள்ளைகள் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். பிறகு டெக்கா சென்டரில் ‘பிராட்டா’வைக் கண்டதும், “சார், நம்ம பரோட்டா சார்!” அன்றிரவு 1947 முதல் சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாஸில் தயிர்சாதம். மறுநாள் காலை டோஸ்டின்மேல் ஒருவன் பொடியைத் தூவி எண்ணெய் ஊற்ற, வேறு நாட்டுச் சாரணர் இருவர் எட்டிப் பார்த்து, மோந்து, தட்டை நீட்டினர். அறிமுகக் கைகுலுக்கலும் நடந்தது. சாரணர் மரபுப்படி அது இடக்கையால். வலக்கை குழம்பில் இருக்கும்போதே நட்பு பாராட்ட வசதியுள்ள உலக இயக்கம் இது ஒன்றே. பேடன் பவல் நம்மூர்ப் பந்தியை மனத்தில் வைத்துத்தான் செய்தாரோ என்னவோ.

‘அயல்நாட்டார் இங்கே வந்தால் நம் இட்லிப்பொடிக் கருதுகோள் பொருந்துமோ?’ எனின், 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் பாரத சாரண சாரணியர் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது; வெளிநாட்டுச் சாரணரும் வந்தனர். முறுக்குக்குப் பேர்போன ஊரில் அவர்கள் தம் வீட்டுப் பொடியைத் தேட என்ன அவசியம்? ஆயினும் அவர்கள் அம்மாக்களும் எதையாவது கட்டித்தான் அனுப்பியிருப்பார்கள்.

சமைப்பவருக்குத் திறன் சின்னம் தரும் இயக்கம், பொட்டலம் கட்டுபவருக்கும் ஒன்று தரவேண்டும். அதுவரை, இந்த மே மாதம் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் கவனிக்க: தொக்கு பெரிய பெட்டியில் போகட்டும், கொப்பரை வீட்டிலேயே இருக்கட்டும்.