அலுவலகத் தலைவருக்கான சமத்துவக் கையேடு

வாழ்த்துகள். பதவி உயர்வு ஆணை கைக்கு வந்துவிட்டது. ஊர் மூங்கில்துறைப்பட்டு. சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களின் பின்னால் ஊர்ந்து வந்து, பத்தே முக்காலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தும் விட்டீர்கள். எந்தத் துறை என்று நான் கேட்கப்போவதில்லை. இந்தக் கையேடு எல்லாத் துறைக்கும் பொருந்தும்.

இன்றோ நாளையோ மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு கடிதம் வரும். பணியாளர்களின் வயது மற்றும் பாலினச் சமத்துவம் குறித்த அறிக்கையை உடன் அனுப்பச் சொல்லும். பதற வேண்டாம். கீழே சொல்லியிருப்பதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே செய்துவருவதுதான். கொஞ்சம் வரிசைப்படுத்தித் தந்திருக்கிறேன், அவ்வளவே.

1. வாசலில் எண்ணுங்கள். உள்ளே எண்ணாதீர்கள்.

அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு என்று தமிழ்நாடு 1989-லேயே சொல்லிவிட்டது. 2021 செப்டம்பரில் அதை 40 ஆக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவிப்பும் வந்தது. நல்ல எண்கள். அறிக்கையின் முதல் பத்தியிலேயே போடுங்கள். இவை ஆளெடுக்கும்போது பார்க்கிற கணக்கு. உள்ளே வந்தவர் எந்த மேசையில் உட்கார்ந்தார், எத்தனை வருடம் அங்கேயே உட்கார்ந்தார் என்பதற்கு விழுக்காடு கிடையாது. கிடையாததை எதற்குக் கேட்பானேன்?

2. அன்போடு மேசை ஒதுக்குங்கள்.

புதிதாக ஓர் இளநிலை உதவியாளர் சேர்கிறார். பெண். அவரைத் தபால் பிரிவில் போடுங்கள். "பாதுகாப்பா இருக்கும்மா, அஞ்சே முக்காலுக்கு டாண்ணு கிளம்பிடலாம்" என்று சொல்லுங்கள். குரலில் பெரியப்பாவின் பரிவு இருக்க வேண்டும். ஆய்வு, களப்பணி, ஏலம், வசூல் எல்லாவற்றையும் ஆண்களுக்குக் கொடுங்கள். காரணம் கேட்டால் "ராத்திரி ஆகும்" என்ற ஒரு சொற்றொடர் போதும். பகல் பதினொரு மணிக்கு நடக்கும் ஆய்வுக்கும் இதே காரணம் செல்லும்.

பத்து ஆண்டு கழித்துப் பதவி உயர்வு வரும்போது, "களப்பணி அனுபவம் போதாது" என்று வருத்தத்தோடு எழுதுங்கள். வருத்தம் உண்மையாகவே வர வேண்டும். அவர் மீது உங்களுக்கு அக்கறை இருக்கிறதே.

இந்த முறைக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. 1951-இல் அன்னா ராஜம், பின்னாளில் அன்னா ராஜம் மல்ஹோத்ரா, ஐ.ஏ.எஸ். பணிக்குச் சென்னை மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தபோது, களப்பணி வேண்டாம், தலைமைச் செயலகத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்தவர் சாதாரண ஆள் இல்லை, ராஜாஜி. திருமணமானால் வேலை முடிந்தது என்று நியமன ஆணையிலேயே நிபந்தனை இருந்தது. அந்த அம்மையார் வாதாடி ஓசூருக்குச் சப் கலெக்டராகப் போய்ச் சேர்ந்தார். அது விதிவிலக்கு. உங்கள் தபால் பிரிவுப் பெண் அவ்வளவு தூரம் வாதாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. தேநீர்.

வி.ஐ.பி. வந்தால் பெண் ஊழியர்தான் தட்டேந்த வேண்டும், பொன்னாடையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதற்கு அரசாணை தேவையில்லை.

4. மகப்பேற்றைத் தனிப்பட்ட துரோகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விடுப்பு விண்ணப்பம் வந்ததும் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விடுங்கள். "இப்பவேவா?" என்று கேளுங்கள். எப்போது வந்தாலும் இதே கேள்விதான். 2021 ஜூலை 1 முதல் மகப்பேறு விடுப்பு பன்னிரண்டு மாதம். ஒன்பதாக இருந்ததைப் பன்னிரண்டு ஆக்கிய மூன்று மாதம் ஏதோ உங்கள் சொந்தச் சம்பளத்தில் பிடித்தம் செய்ததுபோல, அதைப் பற்றி வாரம் ஒருமுறை பேசுங்கள். காலியிடத்துக்கு மாற்று ஆள் கேட்டு மேலே எழுத வேண்டாம். அந்த மேசைக் கோப்புகளை இன்னொரு பெண் ஊழியர் தலையில் கட்டுங்கள். பிறந்த குழந்தையின் மீது முதல் கோபம் சக பெண் ஊழியருக்கு வரும். உங்கள் கை சுத்தம்.

இதைவிடச் சுத்தமான ஒரு வழி பல காலம் கையில் இருந்தது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் பிள்ளை பெற்றால் அந்த விடுப்பு நாட்கள் அந்தப் பருவத்தில் சேராது. பருவம் தள்ளிப்போகும். அதோடு பதவி உயர்வும் தள்ளிப்போகும். ஒரே நாளில் சேர்ந்த ஆண் முன்னே போய்விடுவார். யாரும் யாரையும் தடுக்க வேண்டியதில்லை, நாட்காட்டியே பார்த்துக்கொள்ளும். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து, இனி மகப்பேறு விடுப்பும் தகுதிகாண் பருவத்தில் சேரும் என்று அறிவித்துக் கெடுத்துவிட்டார். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றமும் சேர்ந்துகொண்டது. தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, இரண்டு பிள்ளைக் கணக்கைக் காட்டி மூன்றாவது பிள்ளைக்கு விடுப்பு மறுத்திருந்தார்கள். செல்லாது என்றது நீதிமன்றம்.

சோர்ந்துபோகாதீர்கள். முன்னோர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதானால் ஓய்வு, சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணமானால் ஓய்வு, முதல் கர்ப்பத்தில் ஓய்வு. எது முந்தியதோ அது. அதே விமானத்தில் பறந்த ஆண் சிப்பந்திக்கு ஐம்பத்தெட்டு வயது வரை வேலை. 1981-இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை ரத்து செய்தது. ஆனால் நான்கு ஆண்டுக் கல்யாண விதியைச் சரி என்று விட்டுவைத்தது! பாதி வெற்றி நமக்குத்தான். விதி போனாலும் "இப்பவேவா?" என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் இன்னும் தடை செய்யவில்லை.

5. கழிப்பறைச் சாவியை நிர்வாகச் சிக்கலாக்குங்கள்.

பெண்கள் கழிப்பறைச் சாவி கண்காணிப்பாளர் மேசை இழுப்பறையில் இருக்கட்டும். கண்காணிப்பாளர் ஆணாக இருப்பது உத்தமம். அவர் ஜமாபந்திக்குப் போனால் சாவியும் ஜமாபந்திக்குப் போகும். கழிப்பறையே இல்லாத அலுவலகம் இன்னும் வசதி: கழிப்பறை இல்லாததால் பெண்களை நியமிக்க முடியவில்லை என்று ஒரு கோப்பிலும், பெண்கள் இல்லாததால் கழிப்பறைக்கு நிதி தேவைப்படவில்லை என்று மற்றொரு கோப்பிலும் எழுதுங்கள். இரண்டு கோப்பும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது.

நம் மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கும், அதன் மேலுள்ள வெள்ளிமலைக்கும் இதே சூத்திரம். ஆண் ஊழியரை மிரட்ட வேண்டுமானால் "வெள்ளிமலைக்கு மாத்திடுவேன்" என்று சொல்லுங்கள். பெண் ஊழியரே கேட்டு வந்தால் "பஸ் இல்லம்மா" என்று சொல்லுங்கள். ஒரே மலை ஒருவருக்குத் தண்டனை, இன்னொருவருக்குத் தகுதிக்கு மீறியது. மலையில் இருப்பவர்களுக்கு இதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கலாம். அவர்களை யாரும் கேட்பதில்லை என்பதால்தான் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து அவர்கள் நிலையைக் கேட்க வேண்டியிருந்தது.

6. வயது விஷயத்தில் முழுச் சமத்துவம் காட்டுங்கள்.

இதில்தான் நம் நிர்வாகம் மின்னுகிறது. ஓய்வு வயது ஐம்பத்தெட்டாக இருந்தது. 2020 மே மாதத்தில் ஐம்பத்தொன்பது ஆனது. 2021 பிப்ரவரியில் அறுபது. உள்ளே இருப்பவருக்கு வயது ஏறியது, வெளியே காத்திருப்பவருக்கும் அதே அளவு ஏறியது. இரு தரப்புக்கும் ஒரே வேகம். இதைவிடச் சமமாக எப்படி நடத்துவது?

2022 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்ட தேர்வில் தேறி, இன்ஜினியரிங் படித்த பையன் முப்பதாவது வயதில் உங்களிடம் வந்து நிற்கிறான். "தம்பி" என்று கூப்பிடுங்கள். அவனுக்கு என்ன தெரியும் என்று விசாரிக்காதீர்கள். கணினி தெரியும், அது போதும். எல்லாருடைய கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்துவிடுங்கள். அலுவலகத்தில் உள்ள மற்ற ஒன்பது பேரின் வேலையையும் அவன் ஒருவன் ஒன்பது பெயரில் செய்வான். கூட்டத்தில் அவன் ஏதாவது யோசனை சொன்னால் "சர்வீஸ் எத்தனை வருசம் தம்பி?" என்று கேளுங்கள். அறையே சிரிக்கும்.

ஐம்பத்தைந்து தாண்டியவரை எதிர்ப்பக்கமாக வையுங்கள். கணினிப் பயிற்சிக்கு அவர் பெயரை அனுப்பாதீர்கள். அனுப்பாமல் இரண்டு ஆண்டு போனதும் "பெரியவருக்குக் கம்ப்யூட்டர் வராது" என்று அறிவியுங்கள். அவரும் நம்பிவிடுவார்.

இந்த இரண்டு வகையையும் ஒரே ஆளிடம் செய்து பார்க்க ஒரு வாய்ப்பு உண்டு. ஆசிரியர் நேரடி நியமன வயது வரம்பு 2023 அக்டோபரில் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்ந்தது. ஆண்டுக்கணக்கில் ஆளெடுக்காமல் காத்திருக்க வைத்ததற்கு ஈடாம். ஐம்பத்தேழு வயதில் ஓர் ஆசிரியை முதல் நியமன ஆணையோடு வருகிறார் என்று வையுங்கள். பணியில் அவர்தான் பள்ளியிலேயே இளையவர். தகுதிகாண் பருவம் முடிந்து மூச்சு விடுவதற்குள் பணி ஓய்வுக் கோப்பில் கையெழுத்து வாங்கலாம். இரண்டு கோப்பையும் சேர்த்தே திறந்துவிட்டால் அட்டை மிச்சம். அதற்கும் வழியில்லாதவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருக்கிறார்கள். காத்திருப்போர் பட்டியலை வயதுவாரியாக வெளியிடும்போது அறுபது தாண்டியவர்களுக்கென்று தனி வரிசையே போடுகிறார்கள். பதிவைப் புதுப்பிக்க மறக்காத அந்த ஒழுக்கத்தை உங்கள் ஊழியர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

7. பெயரை மாற்றுங்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. உண்மையான கலை இங்கே இருக்கிறது.

அரசாங்கம் ஒரு கிராமத்துக்குள் கால் வைக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் கால்தான். அங்கன்வாடி 1975 முதல், சத்துணவு 1982 முதல், ஆஷா 2005 முதல், இல்லம் தேடிக் கல்வி 2021 முதல். குழந்தையை எடை போடுவது, முட்டை அவிப்பது, கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, கணக்குச் சொல்லித் தருவது. இத்தனை பெண்களையும் அரசு ஊழியர் என்று எண்ணிவிட்டால் உங்கள் பாலினச் சமத்துவ அறிக்கை ஒரே நாளில் நிமிர்ந்துவிடும். ஆனால் சம்பளப் பட்டியலும் கூடவே நிமிரும். ஆகவே எண்ணாதீர்கள். "தன்னார்வலர்" என்று சொல்லுங்கள். "பணியாளர்" என்றால்கூடப் பரவாயில்லை, "அரசு" என்ற முன்னொட்டு மட்டும் ஒட்டாமல் இருக்கட்டும். கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லிவிடாதீர்கள். மதிப்பூதியம், தொகுப்பூதியம், ஊக்கத்தொகை, சிறப்புக் காலமுறை ஊதியம் என்று எத்தனையோ அழகான பெயர்கள் இருக்கின்றன. 2021-இல் தொடங்கியபோது இல்லம் தேடிக் கல்விக்கு மாதம் 1,000 ரூபாய். அதில் மதிப்பு எவ்வளவு, ஊதியம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காதீர்கள்.

அங்கன்வாடிப் பணி அரசுப் பதவி ஆகாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைப் பிரேம் போட்டு மாட்டுங்கள். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022-இல் அதே நீதிமன்றம் சொன்னதை மாட்ட வேண்டாம். சுவரில் இடம் இருக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு. தேர்தல் வந்தால் அதே அங்கன்வாடி அம்மாவை வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஆக்கி வீடு வீடாக அனுப்புங்கள். ஆம், அலுவலர். வாக்காளர் பட்டியலில் பிழை வந்தால் விளக்கம் கேட்க ஓர் அலுவலர் வேண்டுமே. திருத்தம் முடிந்த மறுநாள் அவர் மறுபடி மதிப்பூதியத்துக்குத் திரும்பிவிடலாம்.

8. புகார்க் குழுவைச் சுவரில் அமையுங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். தலைவர் மூத்த பெண் அலுவலராகவும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். பெயர்ப்பலகை எழுதுங்கள். தலைவர் மாறுதலாகிப் போனாலும் பலகையை மாற்றாதீர்கள், பெயின்டர் செலவு. உறுப்பினர்களுக்குத் தாங்கள் உறுப்பினர் என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆண்டு முடிவில் இன்மை அறிக்கை அனுப்புங்கள். யாராவது புகார் எழுத உட்கார்ந்தால், குற்றம் சாட்டப்பட்டவரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதை நினைவூட்டுங்கள். நிச்சயமாகவில்லை என்றால் நிச்சயமாகும் வயதில் இருப்பதை நினைவூட்டுங்கள்.

9. மார்ச் 8.

கோலப்போட்டி. நடுவர் நீங்கள். பரிசு எவர்சில்வர் டப்பா. இசை நாற்காலியும் வைக்கலாம். பெண்களுக்கு நாற்காலி கிடைப்பதும் உடனே பறிபோவதும் அங்கே விளையாட்டாகப் பழகிவிடும்.

10. யாராவது கணக்குக் கேட்டால்.

கேட்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஒட்டி, இந்த அலுவலகத்தில் எந்தெந்த நிலையில் எத்தனை பெண்கள், சராசரி வயது என்ன, பதவி உயர்வுக்கு எத்தனை ஆண்டு ஆனது என்று ஓய்வுபெற்ற யாரோ ஒருவர் எழுதிப் போடுவார். முப்பது நாள் இருக்கிறது. இருபத்தொன்பது நாள் எதுவும் செய்யாதீர்கள். முப்பதாம் நாள், "தாங்கள் கோரிய விவரம் இவ்வலுவலகத்தில் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை" என்று ஒரு வரியில் பதில் தயாரியுங்கள். வரைவைத் தபால் பிரிவு அம்மாதான் எழுதுவார். பதினோரு வருடமாக அங்கேயே இருப்பதால் அந்த வரி அவருக்கு மனப்பாடம்.