நடை பார்க்கும் படலம்

நம்மவருக்கு முகமும் நினைவில் நிற்காது, பெயரும் நிற்காது. "உங்ககூட எம்.எஸ். படிச்சவர்தான் சார், இப்ப கோயம்புத்தூர்ல இருக்காரே" என்றால் திருதிருவென்று விழிப்பார். "நடக்கும்போது கொஞ்சம் வலது பக்கம் சாய்வாரே" என்று எடுத்துக் கொடுத்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். "அடடே, அவனா! வலது இடுப்புத் தசை வீக். அதான் உடம்பை அந்தப் பக்கமே தூக்கிப் போடுவான். டிரெண்டலன்பர்க்னு ஒரு சர்ஜன் 1895-லேயே எழுதி வெச்சுட்டுப் போயிட்டார். நல்லா இருக்கானா?" விசாரிப்பது இடுப்பைப் பற்றி.

இவர் ஆர்த்தோ டாக்டராக இருக்கலாம், பிசியோதெரபிஸ்டாக இருக்கலாம், செயற்கைக்கால் செய்பவராகவோ பயோமெடிக்கல் இன்ஜினீயராகவோ இருக்கலாம். தொழில் எதுவானாலும் பைத்தியம் ஒன்றுதான்: மனிதன் எப்படி நடக்கிறான் என்பது. தனித்தனியாகத் திரியும்போது இவர்களால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. முன்னால் போகிறவரின் முழங்காலையே பார்த்துக்கொண்டு நடந்து, ஏற வேண்டிய பஸ்ஸைக் கோட்டைவிடுவதோடு சரி. கெய்ட் அனாலிசிஸ் (நடை ஆய்வு) மாநாடு என்று ஒன்றைப் போட்டு, சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் இருநூறு பேரைக் கூட்டும்போதுதான் விஷயம் முற்றுகிறது.

முதல் நாள் காலை, பதிவு மேஜையருகிலேயே இது தெரிந்துவிடும். கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயர், பட்டம், ஊர் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். யாரும் படிப்பதில்லை. எல்லார் பார்வையும் முழங்காலுக்குக் கீழே. இதில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்தவர் நடையைப் பார்க்கிற அத்தனை பேரும் தாங்களும் நடந்தாக வேண்டும். ஆகவே காரை விட்டு இறங்கும்வரை நம்மைப்போல நடந்துவந்த மனிதர், ஹாலுக்குள் கால் வைத்ததும் குதிகாலை அழுத்தமாக ஊன்றி, பாதத்தை உருட்டி, பெருவிரலால் தரையைத் தள்ளி, பாடப்புத்தகத்தில் உள்ளபடி நடக்கத் தொடங்குகிறார். காலையில் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டவர் அன்று முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

துவக்க விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர்தான் பாவம், இதெல்லாம் அறியாதவர். வாசலிலிருந்து மேடைக்கு ஏறக்குறைய இருபது மீட்டர். விநாடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் நடக்கும் சராசரி ஆசாமி பதினைந்து விநாடியில் கடந்துவிடுவார். விருந்தினர் பூங்கொத்தும் பரிவாரமுமாக ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடமும் யாரும் செருமக்கூட இல்லை. அத்தனை கண்களும் அவர்மேல். தனக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோய் இரண்டு பக்கமும் கும்பிட்டபடி வந்தார். அவர் தாண்டிப் போகப் போக, வரிசைக்கு வரிசை கிசுகிசுப்பு கிளம்பியது.

"இடது முழங்கால் தேய்மானம்."

"முழங்கால் இல்ல சார், இடுப்பு. தோளைக் கவனிங்க."

"கால் நீளத்துலயே வித்தியாசம். ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும்."

மூன்றாம் வரிசையில் ஒரு இன்ஜினீயர் தலையை ஆட்டினார். "ஒரு தடவை நடந்ததை வெச்சு எதுவும் சொல்லக் கூடாது. அஞ்சு தடவையாவது நடக்கவிட்டு சராசரி எடுக்கணும். மறுபடி வாசல்லேர்ந்து வரச் சொல்ல முடியுமா?"

விருந்தினர் மேடையில் உட்கார்ந்ததும், மேஜைக்கு அடியில் புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு, அது கடித்த இடத்தை மற்ற காலால் தேய்த்துக்கொண்டார். முழங்கால்காரர் அசரவில்லை. "நான் அப்பவே நினைச்சேன், ஆன்டால்ஜிக் கெய்ட்" என்றார். வலிக்கிற காலில் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு நடப்பதற்கு அதுதான் பெயர். தேய்ந்த மூட்டு, கடிக்கிற செருப்பு, கருவேல முள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அந்த ஒரு சொல்லைக் கைவசம் வைத்திருப்பவர் இந்தத் துறையில் எந்த வாதத்திலும் தோற்பதில்லை.

அப்புறம் சொற்பொழிவுகள். எந்தத் தலைப்பானாலும் முதல் ஐந்து ஸ்லைடு சரித்திரம். பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக், பாரிஸ் வீதியோரம் நாற்காலியில் உட்கார்ந்து போவோர் வருவோரின் நடையைக் கவனித்து, 1833-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். ஜெர்மனியில் பிரௌனே, ஃபிஷர் என்ற இருவர் 1891-இல் ஒரு சிப்பாயின் உடம்பெங்கும் ஒளிவிடும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இருட்டு வேண்டும் என்பதற்காக ராத்திரியில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார்கள். சிப்பாய் நடந்தது சில அடிகள். கணக்குப் போட்டு முழுவதையும் அச்சேற்றி முடிக்க 1904 ஆகிவிட்டது. அதற்குள் பிரௌனே காலமாகிவிட்டார். இந்த இடம் வரும்போது நம்மவர் குரல் தழுதழுக்கும். அவருடைய பிஎச்.டி.யும் ஏறக்குறைய அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

சரித்திரம் முடிந்ததும் சண்டை. இங்கே இரண்டு கட்சிகள்: கண் கட்சி, கேமரா கட்சி. கண் கட்சியின் குலதெய்வம் கலிபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஜாக்குலின் பெரி. ஒரு குதிகால் தரையைத் தொட்டு, அதே குதிகால் மறுபடி தொடுவதற்குள் நடப்பதை எட்டுக் கட்டமாகப் பிரித்து விளக்கியவர். 1992-இல் வந்த அவருடைய புத்தகம் இவர்களுக்கு வேதம். "கண்ணு இருக்கிறப்ப கேமரா எதுக்கு?" என்பார்கள். கேமரா கட்சி விடாது: "எட்டுக் கட்டமும் ஒரு விநாடியில முடிஞ்சுபோகுதே, உங்க கண்ணு எந்தக் கட்டத்தைப் பார்த்துது?" இவர்கள் அகச்சிவப்புக் கேமராவை வைத்து விநாடிக்கு நூறு படம் எடுப்பவர்கள். மூட்டு மடங்குவதைக் கம்ப்யூட்டர் கோடாக வரைந்து தரும். பின்னணியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். கோடு பட்டைக்குள் போனால் ஆசாமி நார்மல். வெளியே போனால் ஆராய்ச்சிக் கட்டுரை.

வழக்கைத் தீர்க்க மதியம் நேரடிச் செய்முறை. நிஜ நோயாளியாக ஒரு கிராமத்துப் பெரியவரை அழைத்து வந்திருந்தார்கள். "வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிறேன் தம்பி. டிராயரோட பொம்பளைப் புள்ளைங்க முன்னாடி நடக்கச் சொல்லாதீங்க" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே அவருக்குப் பதிலாக முதுகலை மாணவன் ஒருவனை 'நார்மல் சப்ஜெக்ட்' என்று பிடித்து நிறுத்தினார்கள். இடுப்பெலும்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு வெள்ளி நிற மார்க்கர்களை ஒட்டினார்கள். "இயல்பா நட தம்பி" என்றார் நம்மவர். உலகத்தில் சொன்னால் செய்ய முடியாத காரியங்களில் அது ஒன்று. பள்ளிக்கூட அணிவகுப்பில் வகுப்புக்கு ஒருவன் செய்வானே, அதேபோல இடது காலோடு இடது கையையும் சேர்த்து வீசினான் பையன். பாதம் அழுத்தும் விசையை அளக்கத் தரையில் ஃபோர்ஸ் பிளேட் ஒன்று பதித்திருக்கிறது; பாதம் முழுசாக அதன்மேல் விழ வேண்டும். இடத்தைச் சொல்லிவிட்டால் குறிபார்த்து எட்டு வைப்பான், நடை கெட்டுவிடும். சொல்லாவிட்டால் பாதிப் பாதம் வெளியே. போய் வந்து, போய் வந்து அவன் களைத்தபின் கம்ப்யூட்டர் தீர்ப்புச் சொன்னது: நார்மல் சப்ஜெக்டின் இரண்டு முழங்காலும் பட்டைக்கு வெளியே. பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மார்க்கர் கொஞ்சம் தள்ளி ஒட்டியிருக்கும்" என்று கேமரா கட்சி முணுமுணுத்தது. கண் கட்சி அன்று இரண்டு கப் பாயசம் சாப்பிட்டது.

தேநீர் இடைவேளையில்தான் நம்மவர் களைகட்டுவார். முதல் மாடி ஹாலிலிருந்து லிஃப்டில் இறங்கி வந்து, கையில் பஜ்ஜியோடு, திருவிளையாடலில் மீனவனாக வரும் சிவாஜியின் நடையை அலசுவார். தோள் எத்தனை டிகிரி திரும்புகிறது, இடுப்பு எத்தனை டிகிரி. "அதை லேப்ல எடுத்திருக்கணும் சார்" என்று பெருமூச்சு விடுவார். இதெல்லாம் ஆராய்ச்சியா என்று யாராவது சிரித்தால் பதில் தயார். 1970-இல் பி.பி.சி.யில் மான்டி பைத்தான் குழுவினர் ஒரு கோணங்கி நடை அமைச்சரைக் காட்டினார்கள். அவர் நடையை இரண்டு விஞ்ஞானிகள் அளந்து, சாதாரண நடையைவிட அது 6.7 மடங்கு தாறுமாறானது என்று 2020-இல் 'கெய்ட் அண்ட் போஸ்சர்' இதழில் எழுதினார்கள். "வெள்ளைக்காரன் செஞ்சா பேப்பர், நாம செஞ்சா அரட்டையா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொள்வார்.

மாநாடு முடிந்தால் இவர் வீட்டுக்கு வந்துவிடுகிறார் என்பதுதான் உறவினர்களின் கவலை. அக்கா மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். பெண் காபித் தட்டோடு வந்தாள். எல்லாரும் முகத்தைப் பார்க்க, நம்மவர் கொலுசைப் பார்த்தார். "தட்டைப் பிடிச்சிருக்கிறதால கை வீச்சு தெரியல. கீழே வெச்சுட்டு ஒரு தடவை நடக்கச் சொல்லுங்களேன்" என்றார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் சிவந்தது. அக்கா தம்பியைப் பார்த்த பார்வையில் அடுத்த பத்து தீபாவளிச் சீரும் ரத்தானது. பெண்தான் நிதானமாகத் தட்டை வைத்தாள். "நடக்கிறேன் மாமா. அவரையும் நடக்கச் சொல்லுங்க" என்றாள். மாப்பிள்ளை எழுந்து நடந்தான். இடது காலோடு இடது கை.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பாட்டி வந்தாள். கூடத்தில் பாதி தூரம் வந்தவள், அக்கா ஏதோ விசாரித்ததும் சட்டென்று நின்றாள். பதில் சொல்லி முடித்துவிட்டு நடந்தாள். அடுத்த கேள்வி வந்தது, மறுபடி நின்றாள். நம்மவர் பெண்ணை மறந்தார், மாப்பிள்ளையை மறந்தார். 1997-இல் லான்செட் இதழில் வந்த ஒரு ஸ்வீடன் ஆய்வு அவருக்கு மனப்பாடம். முதியோர் 58 பேரிடம் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பேசுவதற்காக 12 பேர் நின்றுவிட்டார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க கேமரா வேண்டாம், மார்க்கர் வேண்டாம். ஒரு கேள்வியும் இரண்டு கண்ணும் போதும். தினமும் பாட்டியோடு இருக்கிற அந்த வீட்டில் யாருக்கும் அது கண்ணில் பட்டதில்லை.

பாத்ரூமில் கைப்பிடி பதிக்கச் சொன்னார். வழுக்குகிற மிதியடியை அங்கேயே சுருட்டி ஓரமாக வைத்தார். வருகிற வாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரச் சொன்னார். சிவந்திருந்த அப்பா இப்போது நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது வாசல்வரை வழியனுப்ப வந்த பாட்டியிடம், "நடக்கும்போது மட்டும் பேசாதீங்க பாட்டி" என்றார் நம்மவர்.

பாட்டி நின்று பதில் சொன்னாள்: "நடக்கிறதை வேணும்னா விட்டுடறேன் தம்பி."