அடிபம்பும் அலைக்கற்றையும்

அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் எங்கள் வீட்டுப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. உள்ளே வருடத்துக்கு ஒரு ஸ்டாம்பு, அதன்மேல் தபாலாபீஸ் முத்திரை. பாட்டுக் கேட்கவே அரசுக்குப் பணம் கட்டிய காலம். எண்பதுகளில்தான் அது ஒழிந்தது.

இன்று அதே திண்ணையில் கைபேசியைத் திறந்தால் பதினேழு வைஃபை பெயர்கள் வரிசையாக வருகின்றன. யாரும் லைசென்ஸ் வாங்கவில்லை. அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும், 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸும் உரிமம் தேவையில்லாதவை ஆயின.

பொதுச்சொத்தைப் பங்குபோடும் விதத்தை நான் தெரு அடிபம்பில் கற்றேன். ஒரு குடம் நிரம்பினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கல்யாண வீடானாலும் அப்படித்தான். வைஃபையும் அப்படியே. முதலில் காது கொடுக்கும். யாராவது பேசினால் காத்திருக்கும். ஓய்ந்ததும் கொஞ்சம் தாமதித்து, சில மில்லி நொடி பேசிவிட்டு இடம் விடும்.

2014 வாக்கில் அமெரிக்கக் கைபேசி நிறுவனங்கள் எல்டிஇ-யு என்ற முறையோடு இந்த வரிசைக்கு வந்தன. அது நெரிசலை அளந்து, தனக்கு இவ்வளவு நேரம் என்று வகுத்துக்கொள்ளும். தன் நேரம் வந்ததும், யார் பேசிக்கொண்டிருந்தாலும் தொடங்கிவிடும். ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையில் தனியாகவே இருந்து பழகியவர்கள் அவர்கள். வைஃபைக்காரர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. 2016இல் கைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு கொண்டுவந்த எல்ஏஏ முறைதான் ‘கேட்டுவிட்டுப் பேசு’ என்பதைக் கட்டாயமாக்கியது. 5ஜிக்கான முறையும் 2020இல் வந்துவிட்டது.

ஆனால் எவ்வளவு மெல்லிய குரலுக்கு ஒதுங்குவது? வைஃபை இன்னொரு வைஃபையை −82 டிபிஎம் என்ற மெல்லிய அளவிலேயே கண்டுகொண்டு நின்றுவிடும். எல்ஏஏவுக்கு வைத்த வரம்பு −72. அதாவது குரல் பத்து மடங்கு வலுவாக இருந்தால்தான் ஒதுங்கும். வைஃபை அல்லாத அலைகளுக்கு வைஃபையே −62இல்தானே ஒதுங்குகிறது என்பது கைபேசித் தரப்பின் வாதம். அதையும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் வலியவர்தான் கூர்ந்து கேட்க வேண்டும் என்பேன்.

இருதயாலீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் ஆயா சொன்ன கதை அப்படி. காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னர் குடமுழுக்குக்குக் குறித்த நாளையே, சிவனடியார் பூசலாரும் தம் மனத்துக்குள்ளேயே கட்டிய கோயிலுக்குக் குறித்திருந்தார். சிவன் கனவில் சொன்னதும் மன்னர் தம் நாளைத் தள்ளிவைத்து, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோயிலைத் தேடித் திருநின்றவூர் வந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் இணையத்தில்தான் டியூஷன் படிக்கிறாள். ஜன்னல் ஓரம் அவளுடைய மோடத்தின் பச்சை விளக்கு மினுங்குகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் அளந்து பார்த்தேன்: −79. எல்ஏஏ கருவி ஒன்று என் திண்ணையில் இருந்தால், அங்கே ஒரு பாடம் நடப்பதே அதற்குத் தெரியாது.