மாப்ளயோட பாத்ரூமும் மாமாவோட வாய்க்கொழுப்பும்

வா மாப்ள, உக்காரு. மாடி பாத்ரூம் வேலை ஆரம்பிக்குதாமே. ஷவருக்குக் கண்ணாடித் தடுப்பு, சுவத்துல நாலடிக்கு ரெண்டடி கருப்பு டைல்ஸ் கல்லு, தரையிலயும் அதே பளபளா. மோர்பியில இருந்து சரக்கு வந்து எறங்கிருச்சுன்னு ஊரே பேசுது. நல்லா இரு. கரணை பிடிச்சுக் கை காய்ச்சுப்போன கெழட்டுக் கொத்தனாரு நான், எனக்கு இந்தக் காலத்து அலங்காரம் என்ன தெரியும்? கேட்டுட்டியேன்னு சொல்றேன். பிடிச்சா எடுத்துக்க. பிடிக்கலேன்னா விட்டுரு, பணம் உன்னுதுதானே.

மொதல்ல அந்தக் கருப்புக் கல்லு. அருமையான தேர்வு. நம்ம ஊரு போர்த் தண்ணியைக் காய்ச்சுனா பாத்திரத்து அடியில வெள்ளை பிடிக்குதுல்ல, அதே தண்ணிதான் ஷவர்லயும் வரப்போகுது. ஒவ்வொரு சொட்டும் காய்ஞ்சு ஒரு வெள்ளை வட்டம் போடும். தெனமும் குளிச்சு முடிச்சு, இடுப்புல துண்டோட நின்னு, ரப்பர் வைப்பரால சுவத்தை வழிச்சுட்டுத்தான் வெளிய வருவேன்னு சத்தியம் பண்ணு, கருப்பே போடு. முடியாதுன்னா சாம்பலோ மணல் நிறமோ மங்கலாப் பாரு. உப்பும் தெரியாது, உன் சோம்பேறித்தனமும் தெரியாது.

தரைக்கும் பளபளாவா? போடு, போடு. எலும்பு டாக்டரும் பிள்ளைகுட்டிக்காரரு, அவரும் பிழைக்கணும்ல. இல்ல, உங்க ஆத்தா நடமாடணும்னு நெனச்சேன்னா, கல்லு வாங்குறப்ப ஆர் 9, ஆர் 10, ஆர் 11ன்னு எது போட்டிருக்குன்னு கேளு. ஜெர்மன்காரன் கணக்கு அது. சாய்வுப் பலகையில எண்ணெயைத் தடவி, பூட்ஸ் போட்ட ஆளை நடக்கவிட்டு, பலகையைத் தூக்கிக்கிட்டே போயி, எந்தச் சாய்வுல வழுக்குறான்னு பாத்துப் போட்ட நம்பரு. நம்பரு கூடக்கூடப் பிடிமானம் கூடும். நீ பூட்ஸ் போட்டுக் குளிக்க மாட்டேல்ல? வெறுங்காலுக்குன்னு சோப்புத் தண்ணி ஊத்தி வேற சோதனை வச்சிருக்கான். அதுல ஏ, பி, சி. ஷவருக்கு பி இருந்தாத் தேவலை.

சரி, கல்லு வந்துருச்சு. வாட்டம் யாரு பாக்குறா? உங்க டைல்ஸ் மேஸ்திரி ரசமட்டத்தை வச்சு, குமிழி நடுவுல நின்னா மீசையை முறுக்குவாரு. ஹாலுக்கு அது பெருமை. குளிக்கிற தரையில குமிழி நடுவுல நின்னா தண்ணியும் நடுவுலயே நிக்கும். அடிக்குக் கால் அங்குலம் சாயணும். சுவத்துல இருந்து தண்ணி வெளிய போற நானி ட்ராப் நாலடின்னா முழுசா ஒரு அங்குலம் எறங்கணும். நாலு பக்கமும் இருந்து ஒரு ஓட்டைக்கு எறங்குற தரையில நாலுக்கு ரெண்டு கல்லு எப்படி வளையும்? மூலைக்கு மூலை அறுத்துத்தான் போடணும். அறுக்க மனசில்லையா, சுவரோரமா நீளச் சல்லடை வச்சிரு, தரை பூராம் ஒரே பக்கமாச் சாஞ்சாப் போதும். ரெண்டும் வேண்டாம்னா நாலங்குலச் சின்னக் கல்லு போடு. வாட்டத்துக்குத் தானா வளைஞ்சு கொடுக்கும், இடுக்கு நெறைய இருக்கறதால காலுக்கும் பிடிமானம். ஆனா சின்னக் கல்லு போட்டா ஊர்ல மதிப்பாங்களான்னு நீ யோசிப்ப.

இப்பத்தான் முக்கியமான விஷயம். கல்லு ஒட்டுனா தண்ணி எறங்காதுன்னு நம்புற ஆளுதானே நீ? நம்பு. கல்லு குடிக்காட்டியும் கல்லிடுக்கு குடிக்கும். தண்ணியைத் தடுக்குறது கல்லுக்கு அடியில இருக்குற பூச்சு. பவுடரும் பால் மாதிரித் திரவமும் கலந்து பூசுறாங்கல்ல, அது ரெண்டு கோட் வேணும். மொதக் கோட்டைக் கிழமேலாப் பூசுனா, அது காஞ்சப்புறம் ரெண்டாவதைத் தென்வடலாப் பூசணும். தரையும் சுவரும் சேர்ற மூலையைக் கூரா விடாம கலவையால உருட்டி, வலைத்துணி வச்சுப் பூசச் சொல்லு. ஷவர் பக்கச் சுவத்துல ஆளுயரத்துக்கு ஏறணும். நானி ட்ராப் கழுத்தைச் சுத்தி இன்னும் கவனம், ஒழுகுற வீட்டுல பாதி அங்கதான் ஒழுகும்.

பூசியாச்சா? ட்ராப்பை அடைச்சு, தண்ணி கட்டி, மட்டத்துக்குச் சுவத்துல பென்சில் கோடு போட்டு, 24 மணி நேரம் விடு. 48 விட்டா இன்னும் உத்தமம். சுவத்துக்குள்ள போற பைப்பையும் மூடறதுக்கு முன்னாடி அழுத்தம் ஏத்திப் பாத்துரு. மேஸ்திரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, ‘என்ன சார், என் மேல நம்பிக்கை இல்லையா?’ன்னு கேப்பாரு. ‘உங்க மேல இருக்கு, தண்ணி மேலதான் இல்ல’ன்னு சொல்லிட்டு டீ வாங்கிக் குடு.

அடுத்து, ஒட்டுறது. நாங்க அந்தக் காலத்துல சுவத்துக் கல்லைத் தொட்டியில ஊறப்போட்டு, சிமெண்ட் பால் தடவி ஒட்டுனோம். அந்தச் செராமிக் கல்லு தண்ணி குடிக்கும், சிமெண்ட் அதைப் பிடிச்சுக்கிச்சு. நீ எறக்கியிருக்கிற விட்ரிஃபைட் கல்லு நூத்துக்கு அரைப் பங்கு தண்ணிகூடக் குடிக்காது. ஊறப்போட்டா நனையும், அவ்வளவுதான். அதுக்குப் பசைதான் வேணும். பையில ஐ.எஸ். 15477ன்னு இருக்கான்னு பாரு. அதுல அஞ்சு வகை இருக்கு. விலை கம்மின்னு வகை 1ஐத் தூக்கிட்டு வந்து, நாலுக்கு ரெண்டு கல்லைத் தலைக்கு மேல ஏத்திராத. கீழ நின்னு குளிக்கப்போறது நீதான்.

பசை நல்லதா இருந்தாலும், நம்ம ஆளுங்க வறட்டி தட்டுற மாதிரி நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவுல ஒன்னுன்னு வச்சு அப்பிருவாங்க. வேலை சீக்கிரம் முடியும். உருண்டைக்கு நடுவுல இருக்கிற வெத்திடத்துல தண்ணி குடியேறும், வாடகையும் தராது. ஈரம் படற இடத்துல கல்லு முதுகுல நூத்துக்கு 95 பங்கு பசை ஒட்டணும்னு அமெரிக்காக்காரன் எழுதியே வச்சிருக்கான். பல்லு வச்ச கரண்டியால ஒரே திசையில வரி இழுத்து, கல்லு முதுகுலயும் மெல்லிசாத் தடவி, அமுக்கி ஒட்டணும். நம்பிக்கை வரலேன்னா, ஒட்டுன கையோட ஒரு கல்லைப் பேத்தெடுத்து முதுகைப் பாரு. மறுநாள் ஒத்தை ரூபாயால தட்டிப் பாரு. ‘டொப்பு’ன்னு கேட்டா மேஸ்திரியைக் கூப்பிடு.

இடுக்கே தெரியக் கூடாது, பேப்பர் ஜாயிண்ட்தான் வேணும்னு சொன்னியாமே? கல்லு எல்லாம் ஒரே அளவுல பொறந்திருக்கும்ங்கிற உன் நல்ல மனசைப் பாராட்டுறேன். ரெண்டு மூணு மில்லிமீட்டர் விடு. அதுல எபாக்ஸி அடைச்சா கறை ஏறாது. செலவு கூடத்தான். சிமெண்ட் கிரவுட் போட்டா, உங்க அக்கா பொங்கலுக்குப் பொங்கல் ஆசிட் ஊத்திக் கழுவும்போதே அதுவும் கரைஞ்சு போயிரும். எபாக்ஸி சீக்கிரம் இறுகும், கல்லு மேல படிஞ்சதை அப்பவே துடைக்கச் சொல்லு. சுவரும் சுவரும் சேர்ற மூலையில கிரவுட் வேண்டாம், சிலிகான் விடு. ரெண்டு சுவரும் ஆளுக்கொரு பக்கம் அசையும், கிரவுட்டு கீறிரும்.

அழகுன்னு கேட்டா ஒன்னுதான். ஒட்டுறதுக்கு முன்னாடி கல்லைச் சும்மா அடுக்கிப் பாத்து நடுக்கோடு போடு. கதவைத் திறந்ததும் கண்ணுல படற சுவத்துல முழுக்கல்லு வரட்டும், அறுத்த துண்டு கதவுக்குப் பின்னாடி போகட்டும். ரெண்டு விரக்கடைத் துண்டு மூலையில நிக்குற பாத்ரூமை எந்த விலைக் கல்லும் காப்பாத்தாது. ஷாம்பு வைக்க மாடம் வச்சா, அதோட கீழ்க்கல்லு வெளிப்பக்கமா லேசாச் சாயணும். பெட்டியில நிற நம்பரும் லாட்டு நம்பரும் ஒன்னா இருக்கான்னு இன்னைக்கே பாரு. ஒரு பெட்டியைப் பரண்ல போட்டு வை.

இதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியாதான்னு கேக்குற. பூராம் தெரியும். நீ சதுர அடி ரேட்டுக்குப் பேசிட்ட, அவரு சதுர அடிக்குத்தான் ஓடுவாரு. ஓட்டத்துக்குக் கூலி குடுத்துட்டு நிதானத்தை ஓசியிலயா கேப்ப? பூச்சுக்கும் வாட்டத்துக்கும் மட்டும் நாள் கூலி பேசு. காசு பத்தலையா, அந்தக் கண்ணாடித் தடுப்பை அடுத்த வருசம் மாட்டிக்க.

தண்ணி கட்டுற அன்னைக்குக் கீழ ஹால்ல எனக்கொரு சாய்வு நாற்காலி போடு. சீலிங்கைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன். சொட்டுனா எந்திரிச்சு உன்னைக் கூப்பிடுறேன், சொட்டலேன்னா நல்லாத் தூங்கிருவேன். கூலி ரெண்டுக்கும் ஒன்னுதான், இப்பவே சொல்லிட்டேன்.