மாமாவுக்கு மாட்டு வால்வு

கே: மாமாவுக்கு இதயத்தில் மாட்டு வால்வு வைக்கப்போகிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் பருத்திக்கொட்டை கேட்பாரா?
– திராட்சைத் தோட்டக்காரர், ஓடைப்பட்டி

ப: கேட்டால் வால்வின் மேல் பழி போடாதீர்கள், அது மாமாவின் பழைய குணமாக இருக்கும். மாட்டின் இதயத்தை மூடியிருக்கும் மெல்லிய உறையை வெட்டி, மூன்று இதழாகச் சட்டத்தில் வைத்துத் தைப்பதுதான் மாட்டு வால்வு. பன்றி என்றால் அதன் வால்வையே எடுத்துக்கொள்கிறார்கள்.

கே: அந்நியச் சதையை உடம்பு சும்மா விடுமா?
– கல்லூரி மாணவி, சின்னமனூர்

ப: விடவில்லைதான். 1965-ல் பாரிஸில் மனிதருக்குப் பன்றி வால்வு பொருத்தினார்கள். அந்தக் காலத்து வால்வுகள் சில வருடங்களிலேயே கெட்டுப்போயின. கார்ப்பான்டியே என்ற அறுவை நிபுணர்தான் 1960-களின் கடைசியில் குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்துப் பார்த்தார். திசு பதப்பட்டது, உடம்பின் எதிர்ப்பும் அடங்கியது. தோல் பதனிடவும் உதவுகிற ரசாயனம் அது. திண்டுக்கல் தோல் ஷாப்காரர்களைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்!

கே: அவ்வளவு நல்லதென்றால் எல்லோருக்கும் அதையே வைக்கலாமே?
– ஆசிரியை, உத்தமபாளையம்

ப: வயசு இடிக்கிறது. திசு வால்வு சுமார் 10 முதல் 15 வருடம் உழைக்கும். ஆள் இளசாக இருந்தால் சுண்ணாம்பு படிந்து இன்னும் சீக்கிரமே இறுகிவிடும். அதனால் 65 தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் திசு, இளையவர்களுக்கு உலோகம். நம் பக்கம் வால்வு கெட முக்கியக் காரணம் சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல். அதனால் நோயாளிகளில் இளைஞர்கள் அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்திய நம் நாட்டு வால்வும் உலோகச் சட்டத்தில் பிளாஸ்டிக் வட்டு சாய்ந்து திறக்கும் ரகம்தான்.

உலோகத்துக்கு ஒரு தண்டம் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்க அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை. மேகமலை எஸ்டேட்டில் இருப்பவர் அதற்காக மலையிறங்கி வரவேண்டும். இதையும் கணக்கில் எடுக்காமல் வால்வைத் தேர்ந்தெடுப்பது, என் அபிப்பிராயத்தில், பாதி வைத்தியம். பிள்ளை பெறப்போகும் பெண்ணுக்கும் அந்த மாத்திரை சிக்கல், அதிலுள்ள வார்ஃபரின் என்ற மருந்து கருவைப் பாதிக்கும். மறு ஆபரேஷன் வரும் என்று தெரிந்தே சிலர் திசு வால்வு கேட்பது அதனால்தான்.

கே: உலோக வால்வு வைத்தவர் கீரை தொடவே கூடாதா?
– கம்பம் வாசகி

ப: தொடலாம். வாரம் முழுக்க ஒரே அளவாக இருக்கட்டும். ஆறு நாள் பட்டினி போட்டு ஏழாம் நாள் ஒரு கட்டு முருங்கைக்கீரையை முடித்தால் மாத்திரை தோற்றுவிடும். கீரையிலுள்ள வைட்டமின் கே அதன் எதிரி.

கே: நாங்கள் சுத்த சைவம். உடம்புக்குள் மாடா?
– ராயப்பன்பட்டி வாசகர்

ப: கச்சேரியில் மிருதங்கத்துக்குத் தலையாட்டும்போது அதன் தோல் எதனுடையது என்று விசாரித்தீர்களா? மனசு ஒப்பவில்லை என்றால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். மாடு வேண்டாமென்றால் பன்றி, பன்றி வேண்டாமென்றால் மாடு, இரண்டும் வேண்டாமென்றால் உலோகம் பற்றிப் பேசலாம். குஜராத்தின் வாபியில் தயாராகி, தொடை ரத்தக்குழாய் வழியே நெஞ்சைப் பிளக்காமல் வைக்கும் 'மைவால்' வால்வும் மாட்டுத் திசுதான்.

கே: பல் பிடுங்கப் போனால் டாக்டர் இதயத்தைப் பற்றிக் கேட்கிறார். பல்லுக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம்?
– தேவாரம் வாசகர்

ப: வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறினால் செயற்கை வால்வில் போய்க் குடியேறும். பிறகு காலி செய்யவைப்பது பெரும்பாடு. அதனால்தான் முன்கூட்டியே ஒரு வேளை ஆன்டிபயாடிக் தருகிறார்கள். மாமாவின் வால்வு மாடோ உலோகமோ, நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள். வாயைத் திறந்துவைத்தபிறகு பேச முடியாது.