ஒற்றை டயரும் ஊர்ப்பட்ட கேள்விகளும்

சாலையில் காய்ந்த நெல்லுக்குக் காவலாக வைத்திருந்த கருங்கல்லில் ஏறி என் காரின் இடது பின் டயர் கிழிந்தது என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். நெல் விலையைப் பற்றி நாலு கடிதம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்ததெல்லாம் டயர். உத்திரமேரூர் வட்டாரத்தில் இத்தனை பேர் ஒற்றை டயரோடு அல்லாடுவது எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை. ஆகவே இந்த மாதம் அரசியலுக்கும் சினிமாவுக்கும் விடுமுறை.

கே: என் காரில் ஒரு டயர் மட்டும் கிழிந்துவிட்டது. மற்ற மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்று மாற்றினால் போதும் என்கிறார் பஞ்சர் கடைக்காரர். நாலையும் மாற்று என்கிறார் டயர் கடைக்காரர். யார் பேச்சைக் கேட்பது?
— இரண்டு கடைக்கும் நடுவில் நிற்பவன், மானாம்பதி

ப: இருவரும் அவரவர் கல்லாவைப் பார்த்துப் பேசுகிறார்கள். நீங்கள் டயரைப் பாருங்கள்.

ஏர் ஓட்டிய பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் கேளுங்கள். கிழட்டு மாட்டோடு இளங்காளையை ஒரே நுகத்தில் பூட்டினால் சால் நேராக வருமா? ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயர்களும் அப்படிப் பூட்டிய ஜோடிதான். புது டயரில் பட்டன் உயரம் ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். பழையதில் 3 மி.மீ.தான் மிச்சம் என்று வையுங்கள். 185/65 R15 அளவு டயர் என்றால் புதியது ஒரு சுற்றுக்கு 195 செ.மீ. போகும்; தேய்ந்தது 192 செ.மீ. மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். 100 கிலோமீட்டர் போய் வாருங்கள், தேய்ந்த டயர் சுமார் 800 சுற்று அதிகம் சுற்றியிருக்கும். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலாகச் சுற்ற வேண்டுமே என்று வைத்த டிஃபரன்ஷியல், நேர்ச்சாலையிலும் ஓய்வில்லாமல் வேலை செய்யும். மழையில் பிரேக் போட்டால் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும்.

ஆகவே கணக்கு இவ்வளவுதான். கிழிந்த டயரின் ஜோடியில் பட்டன் உயரத்தை அளந்து பாருங்கள். புதியதற்கும் அதற்கும் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தால் ஒன்று போதும். 3 மி.மீ.யைத் தாண்டினால் இரண்டாக வாங்குங்கள். நாலும் எப்போது? நாலுக்கும் ஆயுள் முடிந்தபோது. என் காரில் மீதி டயர்களில் 6 மி.மீ. இருந்தது, ஒன்றோடு தப்பித்தேன். நாலு சக்கரமும் இழுக்கிற வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் உள்ளே இருக்கும் கியர்கள் சூடாகிச் செலவு வைக்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பாருங்கள். அதற்காகத்தான் கொடுத்தார்கள்.

கே: மி.மீ. கணக்கெல்லாம் சொல்கிறீர்கள். நான் எதை வைத்து அளப்பேன்?
— அளவுகோல் இல்லாதவர், சாலவாக்கம்

ப: தீக்குச்சி. பட்டனுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் நிறுத்தி, மட்டத்தில் நகத்தால் அழுத்தி, எடுத்துப் பள்ளிக்கூடப் பையன் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். அந்தப் பள்ளங்களுக்குள்ளேயே அங்கங்கே சிறு மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அளக்கவே வேண்டாம், டயர் மொட்டை. அளந்த குச்சியைப் பற்ற வைக்காதீர்கள். பக்கத்தில் பெட்ரோல் டாங்க்.

கே: இரண்டு புது டயர் வாங்கிவிட்டேன். முன்னால்தானே போட வேண்டும்? ஸ்டியரிங் அங்கேதானே இருக்கிறது?
— கைராசிக்காரர், திருப்புலிவனம்

ப: நம் ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். பின்னால் போடுங்கள்.

ஏரிக்கரை ஓரமாக அடைமழையில் வருகிறீர்கள் என்று வையுங்கள். சாலையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. முன் டயர் பிடிமானம் விட்டால் ஸ்டியரிங் லேசாகிப் போய் உங்களுக்குச் சேதி சொல்லிவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தணிந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். பின் டயர் விட்டால் சேதி வராது. வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும், வண்டி சுழலும். அப்புறம் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு ஏரிக்குள் இறங்குவீர்கள் என்பது உங்கள் கையில் இல்லை. முன் சக்கரம் இழுக்கிற காராக இருந்தாலும் இதே விதிதான். ஒன்றே ஒன்று வாங்கியவர்கள், இருக்கிற மூன்றில் பட்டன் அதிகமுள்ளதை அதற்கு ஜோடி சேர்த்துப் பின் அச்சில் போடுங்கள்.

கே: நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வண்டி எடுத்தேன். ஒன்று மட்டும் ஏன் வெடித்தது?
— பக்தர், பெருநகர்

ப: பழம் நாலும் பார்த்து வைத்தீர்கள். காற்று எப்போது பார்த்தீர்கள்?

கே: நைட்ரஜன் அடித்தால் டயர் கிழியாதாமே?
— காசு மிச்சமுள்ளவர், உத்திரமேரூர்

ப: கருங்கல்லுக்கு வேதியியல் தெரியாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். பெட்ரோல் பங்கில் அதை இலவசமாக அடித்துத் தருகிறார்கள். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும்.

கே: ஸ்டெப்னி, ஸ்டெப்னி என்கிறோமே, அது தமிழா ஆங்கிலமா? சென்னையில் ஆங்கிலம் படித்த என் மகனுக்கே தெரியவில்லை.
— அகராதி புரட்டுபவர், காஞ்சிபுரம்

ப: மகன் மேல் குற்றமில்லை. அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு. 1900-களின் தொடக்கத்தில் கார்களுக்கு உபரிச் சக்கரம் என்ற ஒன்றே கிடையாது. அந்த நாள் சாலையில் குதிரை லாடத்து ஆணி ஏறியது என்றால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடுத்தெருவில் டயரைப் பிரித்து ஒட்ட வேண்டியதுதான். அந்தத் தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கிளாம்பு போட்டு மாட்டிக்கொள்ளும்படி காற்று நிரப்பிய உபரிச் சக்கரம் ஒன்றைச் செய்தார்கள். 1904-லிருந்து அது விற்பனைக்கு வந்தது. பெயர் தெருவின் பெயர்தான். ஆங்கிலேயர்களே அந்தச் சொல்லை மறந்து எத்தனையோ காலம் ஆகிறது. நாம் விடவில்லை. லாரி செட்டிலும் கல்யாண வேனிலும் சினிமாக் கிண்டலிலும் அது சுகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. லனெல்லிக்காரர் யாராவது இந்தப் பக்கம் வந்து பஞ்சர் கடையில் தன் ஊர்த் தெருப் பெயரைக் கேட்டால் கண் கலங்கிவிடுவார்.

கே: என் புது வண்டியில் ஸ்டெப்னியே இல்லை. டிக்கியில் ஒரு பம்பும் பசைப் புட்டியும்தான் இருக்கின்றன. ஏமாற்றிவிட்டார்களா?
— டிக்கியைத் திறந்து பார்த்தவர், செங்கல்பட்டு

ப: சட்டப்படிதான் ஏமாந்திருக்கிறீர்கள். டியூப்லெஸ் டயரும், காற்று குறைந்தால் சொல்லும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் கொடுத்தால் ஸ்டெப்னி தர வேண்டியதில்லை என்று 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆணிக்கு அந்தப் பசை சரி. கிழிசலுக்கு அதை ஊற்றுவதும் தரையில் ஊற்றுவதும் ஒன்று. கிராவல் டிப்பர்கள் சிந்திவிட்டுப் போகிற ஜல்லிதான் நம் பக்கத்துச் சாலைக்கு அலங்காரம். நான் நீங்களாக இருந்தால் ஒரு ரிம்மும் டயரும் தனியாக வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்வேன். மெலிந்த ஸ்டெப்னி கொடுத்திருந்தால் அதன் மேலேயே எழுதியிருக்கும்: 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதே. அது வீடு போய்ச் சேர்வதற்கு. திருப்பதி போய் வருவதற்கு அல்ல.

கே: குடவோலைக்குப் பேர் போன ஊர்க்காரர் நீங்கள். அந்தக் கல்வெட்டில் டயர் பற்றி ஏதாவது உண்டா? செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கலாமா என்பதுதான் உண்மையான கேள்வி.
— குசும்பர், வாலாஜாபாத்

ப: குசும்பாகக் கேட்டாலும் விஷயம் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துச் சபையார் 919-லும் 921-லும் வெட்டி வைத்த விதிகளை ஒரு நடை போய்ப் பாருங்கள். பானைக்குள் ஓலை போடும் முன்பு யார் பெயரை எழுதக்கூடாது என்பதற்குத்தான் அவர்கள் அதிகம் மெனக்கெட்டார்கள். வயது 35-க்குக் கீழும் கூடாது, 70-க்கு மேலும் கூடாது. சபையில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவனுடைய உறவுக்காரனும் கூடாது.

செகண்ட் ஹேண்ட் டயருக்கு இதைவிட நல்ல தேர்வு முறை எனக்குத் தெரியாது. முதலில் வயது. டயரின் பக்கத்தில் DOT என்று தொடங்கும் வரியின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 22-வது வாரம். ஆறு வயதுக்கு மேற்பட்டதைத் தொடாதீர்கள், பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ரப்பர் ஓடாமலே கிழடு தட்டும். அடுத்தது கணக்கு. கழற்றி உள்பக்கம் காட்டச் சொல்லுங்கள். ஒட்டுகள் இருக்கும், தேய்ந்த வட்டம் இருக்கும். காட்ட மறுத்தால் அவர் கணக்குக் காட்டாதவர், ஓலையை எடுத்துவிடுங்கள். அளவு, சுமை எண், வேக எழுத்து மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். 88H என்று இருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 210 கி.மீ. வேகம் வரை போகலாம் என்று அர்த்தம். நம் சாலையில் யாரும் 210-ல் போகப் போவதில்லை. ஆனால் 560 கிலோவைக் கல்யாண சீசனில் எல்லாரும் ஏற்றுகிறார்கள்.

செகண்ட் ஹேண்ட் தேடும் முன் உங்கள் டிக்கியைத் திறங்கள். முழு அளவு ஸ்டெப்னி ஒன்று தரையே படாமல் கிடக்கும். வயது சரியாக இருந்தால் புது டயருக்கு அதுவே ஜோடி. பழைய ஜோடி டிக்கிக்குப் போகட்டும். ஒரு டயர் விலையில் இரண்டு டயர் வேலை முடிந்தது.

கே: டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவு புடைத்திருக்கிறது. உள்ளே பேட்ச் வைத்தால் ஒரு வருஷம் ஓடும் என்கிறார் பஞ்சர் கடைத் தம்பி.
— நம்பலாமா என்பவர், மதுராந்தகம்

ப: அந்தத் தம்பியை அதே காரில் முன் சீட்டில் உட்கார வைத்துத் திருச்சி வரை போகலாம் வா என்று கூப்பிட்டுப் பாருங்கள். உள்ளே நூல் அறுந்ததால்தான் அந்த இடம் புடைக்கிறது. மிச்சமிருப்பது ரப்பர் தோல் மட்டும். தரையில் படும் பகுதியில் 6 மி.மீ. வரை ஆணித் துளை என்றால் ஒட்டலாம், பல வருஷம் ஓடும். பக்கவாட்டுச் சுவர் ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அங்கே எந்த ஒட்டும் நிற்காது. இன்றைக்கே மாற்றுங்கள். மாற்றும்போது ரிம் வளைந்திருக்கிறதா என்று சுற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பேலன்சிங் கட்டாயம். அடி பலமாக விழுந்திருந்தால் அலைன்மெண்டும்.

கே: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று நம் மாவட்டத்திலேயே டயராகச் செய்து தள்ளுகிறார்களே, நமக்கு விலை குறைத்துத் தரக்கூடாதா?
— மண்ணின் மைந்தர், உத்திரமேரூர்

ப: பட்டு நெய்கிற ஊரில் பட்டு மலிவா? அப்போலோ ஒரகடத்தில் இருக்கிறது, ஜே.கே. ஸ்ரீபெரும்புதூரில், சியட் மதுரமங்கலம் பக்கம் கண்ணந்தாங்கலில் 2020-ல் வந்தது. கொஞ்சம் தள்ளித் திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகைதான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. விலையைக் குறைத்தது பக்கத்து ஆலை அல்ல, தில்லி: 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. பில் வாங்கினால்தான் அது உங்களுக்குத் தெரியும்.

கே: பழைய டயரைப் போகிக்குக் கொளுத்தலாமா?
— பேரனின் சார்பில், களியாம்பூண்டி

ப: கூடாது. பேரனுக்குக் குச்சி ஒன்று ஒடித்துக் கொடுத்து, டயரைத் தெருவில் உருட்டி ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டி முடித்ததும் மழையில் போடாதீர்கள். உள்ளே தேங்குகிற ஒரு டம்ளர் தண்ணீர் போதும், டெங்கு கொசு குடும்பம் நடத்திவிடும்.

கே: இருட்டில் தனியாக டயர் மாற்ற வேண்டி வந்தால்? நான் பெண். ஸ்பேனர் திரும்பவே இல்லை.
— பள்ளி ஆசிரியை, மாகறல்

ப: ஆணுக்கும் திரும்பாது அம்மா, வெளியில் சொல்ல மாட்டான். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் அழுந்தி இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். கையால் வேண்டாம், ஸ்பேனரைப் பக்கவாட்டில் மாட்டிக் காலால் மிதியுங்கள், உடம்பு எடை வேலை செய்யும். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் பலகை. ஹேண்ட் பிரேக், எதிர் மூலைச் சக்கரத்துக்குக் கல். மாட்டும்போது நட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக முடுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் போனதும் இன்னொரு தடவை முடுக்குங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். எனக்குப் பின்னால் வர வேண்டியிருக்கிறது.

கே: நெல் காயப் போட்டதும் நான்தான். கல் வைத்ததும் நான்தான். டயர் காசு கேட்பீர்களா?
— ஊரும் பேரும் வேண்டாம்

ப: கேட்கவில்லை. களம் இல்லாத ஊரில் தார்ச்சாலைதான் களம் என்பது எனக்குத் தெரியாதா? அடுத்த அறுவடைக்குக் கல்லுக்குப் பதில் சாக்கில் வைக்கோல் திணித்து வையுங்கள். பார்க்கப் பெரிதாகத் தெரியும், வண்டிக்காரன் பயப்படுவான், ஏறினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் கல்லைத் தேட வேண்டாம். அன்றைக்கு டயர் மாற்றும்போது எதிர்ச் சக்கரத்துக்கு அதைத்தான் முட்டுக் கொடுத்தேன், கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். நல்ல கல். அசையவே இல்லை.