பூஜ்யம் போதாதவனின் விண்ணப்பம்

அனுப்புநர்:
1,137 ரூபாயை மறைத்தவன்,
மாடிப் போர்ஷன், வாடகை வீடு,
சென்னை.

பெறுநர்:
முகம் காட்டாத, பெயர் சொல்லத் தேவையில்லாத,
வரி வாங்கும் மேன்மைமிகு துறை அவர்கள்.

பொருள்: என்னைச் சாதாரண வரிதாரர் நிலையிலிருந்து ஊழல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் நிலைக்கு உயர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: விடியற்காலையில் தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி.

மேன்மைமிகு துறை அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் செய்தி பால் பாக்கெட்டுக்கு முன்பே வந்து சேர்ந்தது. நான் காட்டிய கணக்கும் தங்களிடம் இருக்கும் தகவலும் பொருந்தவில்லை என்று தெரிவித்திருந்தீர்கள். பதறியடித்துக்கொண்டு ஆடிட்டரிடம் ஓடினேன். பழைய கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் திறந்த சம்பளக் கணக்கு ஒன்று எங்கோ உயிரோடு இருக்கிறதாம். அது எனக்குத் தெரியாமல் 1,137 ரூபாய் வட்டி ஈன்றிருக்கிறது. நானே மறந்த பணத்தைத் தாங்கள் மறக்கவில்லை. தங்கள் ஞாபக சக்திக்கு என் முதல் கும்பிடு.

ஆடிட்டர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். “வேற எங்கயாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா சார்? இப்பவே சொல்லிடுங்க” என்றார், கொஞ்சம் உரக்கவே. பக்கத்து நாற்காலியில் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. ஜிஎஸ்டி கணக்கோடு வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, “பாத்தா அப்படித் தெரியலையே” என்றார். அன்று சாயங்காலம் கடையில் அரைக்கிலோ துவரம்பருப்புக்கு என்னிடம் மட்டும் முதலில் காசு கேட்டார்.

புதிய வரிமுறைக்கு மாறினால் தலைவலி குறையும் என்று தாங்கள் சொன்னதால் மாறினேன். பழைய முறையில் சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு, புதியதில் கிடையாது என்பதை இப்போதுதான் அறிந்தேன். இந்த 1,137-க்கு வரி இருநூறைத் தாண்டாது. திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய ஆடிட்டர் கேட்ட கட்டணம் 1,500. சந்தோஷமாகக் கொடுத்தேன். தேடிக் கண்டுபிடித்த தொகையைவிடத் தேடிய செலவு அதிகம் என்ற ஒரே தகுதியாவது என் வழக்குக்கு இருக்கிறதே!

அந்தத் தகுதியை வைத்துத்தான் இந்த விண்ணப்பம்.

நம் நாட்டின் பெரிய வழக்குகளோடு என் வழக்கை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு குறைதான் தெரிந்தது. பூஜ்யம். 1,137-ல் மருந்துக்குக்கூட ஒரு பூஜ்யம் இல்லை. பின்னால் நாலைந்து சேர்ந்திருந்தால் ஒரு வக்கீலாவது திரும்பிப் பார்த்திருப்பார். ஏழெட்டு சேர்ந்திருந்தால் எனக்கென்று ஒரு நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்திருக்கும். பத்து சேர்ந்திருந்தால் குறுஞ்செய்தியே வந்திருக்காது.

போபர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் பீரங்கி ஒப்பந்தம். 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி விஷயத்தைப் போட்டு உடைத்தது. பேசப்பட்ட லஞ்சம் 64 கோடி. கணக்காக ஏழு பூஜ்யம். கூட்டுக்குழு உட்கார்ந்தது, எழுந்தது. இடைத்தரகர் என்று குற்றம் சாட்டப்பட்ட குவாட்ரோக்கி 1993-ல் நாட்டை விட்டுப் போனார். ஒவ்வொரு நாடாகத் துரத்திய வழக்குக்குச் சுமார் 250 கோடி செலவானது என்று நீதிமன்றமே சலித்துக்கொண்டது. அவர் 2013-ல் மிலன் நகரில் காலமானார். ஒரு நாள்கூட இங்கே வந்து கூண்டில் நிற்கவில்லை.

இதில் என்னைப் புல்லரிக்க வைத்தது வரி சம்பந்தப்பட்ட கட்டம். 2011 ஜனவரியில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வெளியானது. குவாட்ரோக்கிக்கும் போபர்ஸ் முகவர் வின் சத்தாவுக்கும் 41 கோடி ரூபாய் கமிஷனாகப் போயிருக்கிறது, அதற்கு அவர்கள் இந்தியாவில் வரி கட்டியிருக்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. அடுத்த மார்ச்சிலேயே டெல்லி நீதிமன்றம், சிபிஐ கேட்டுக்கொண்டபடி குவாட்ரோக்கியை வழக்கிலிருந்து விடுவித்தது. ஒரு படியில் ‘பணம் வாங்கினார், வரி பாக்கி’. அடுத்த படியில் ‘வழக்கு முடிந்தது, போய் வாருங்கள்’. அவருக்கும் விடியற்காலையில் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தீர்களா? வெளிநாட்டு நம்பர் என்பதால் ரோமிங் கட்டணம் ஆகும் என்று விட்டுவிட்டீர்களா?

பூஜ்யத்தின் மகிமையை அலைக்கற்றை வழக்கு இன்னும் நன்றாகச் சொல்லும். 2010-ல் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, உத்தேச இழப்பு 1,76,000 கோடி என்றது. எழுதிப் பார்த்தேன். 176-க்குப் பின்னால் பத்து பூஜ்யம். இரண்டு மாதத்தில் மத்திய அமைச்சர் கபில் சிபல் இழப்பே பூஜ்யம் என்றார். பத்து பூஜ்யம் எப்படி ஒற்றைப் பூஜ்யமானது என்று நாடு குழம்பிக்கொண்டிருந்தபோதே கைதுகள் நடந்தன, தனி நீதிமன்றம் உட்கார்ந்தது. 2017 டிசம்பரில் எல்லோரும் விடுதலை. ஏற்கத்தக்க ஆதாரத்தோடு யாராவது வருவார்கள் என்று கோடை விடுமுறையில்கூட காலை பத்து முதல் மாலை ஐந்து வரை ஏழு வருஷம் காத்திருந்தேன், ஒருவரும் வரவில்லை என்ற பொருளில் நீதிபதி சைனி தீர்ப்பிலேயே எழுதினார். குற்றம் நடந்ததா, நடக்கவில்லையா, நான் யார் சொல்ல? இரண்டில் எது உண்மையானாலும் விசாரித்தவர்களுக்கு அது பெருமை இல்லை. என் வட்டிக்கு மட்டும் ஏற்கத்தக்க ஆதாரம், கணக்கு எண்ணோடு, கோழி கூவுமுன் தயாராக இருந்தது!

நம்மூர் உதாரணம் சொல்லாவிட்டால் அண்ணாச்சி கோபித்துக்கொள்வார். மாதச் சம்பளம் ஒரு ரூபாய் போதும் என்ற முதலமைச்சரின் ஆட்சிக் காலத்துச் சொத்து பற்றிய வழக்கு, 66 கோடிச் சொச்சம். 1996-ல் தொடங்கியது, சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பெயர்ந்தது, 2014 செப்டம்பரில் தண்டனையானது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் வருமானத்துக்கு மேற்பட்ட சொத்து 8.12 சதவிகிதம்தான், பத்து வரை பரவாயில்லை என்று விடுவித்தது. தீர்ப்பில் இருந்த கடன் பட்டியலை அரசுத் தரப்பு கூட்டிப் பார்த்தது. 24.17 கோடி என்று எழுதியிருந்த இடத்தில் 10.67 கோடிதான் வந்தது. வித்தியாசம் பதின்மூன்றரைக் கோடி. உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் தண்டனையை மீட்டபோது, முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் காலமாகி இரண்டு மாதம் கடந்திருந்தது.

துறை அவர்களே, கூட்டலில் பதின்மூன்றரைக் கோடி தவறலாம், பத்து சதவிகிதம் வரை பரவாயில்லை. என் 1,137 என் வருஷ வருமானத்தில் அரை சதவிகிதத்தைக்கூடத் தொடாது. அந்தப் பத்து சதவிகிதச் சலுகையை எனக்கும் நீட்டுங்கள் என்று கேட்டால், “அதெல்லாம் அவங்களுக்கு சார்” என்று சிரிக்கிறார் ஆடிட்டர்.

பழைய வரிமுறையில் இருந்த காலத்தில் வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டியதால் வீட்டுக்காரர் பான் எண்ணைக் கேட்டீர்கள். அவரிடம் போய்க் கேட்டேன். “எதுக்கு என்னை மாட்டி விடறீங்க தம்பி?” என்று வாடகையில் ஆயிரம் ஏற்றினார். அதே காலத்தில் தேர்தல் பத்திரம் என்று ஒன்று வைத்திருந்தீர்கள். 2018 முதல் 16,000 கோடிக்கு மேல் கட்சிகளுக்குக் கைமாறியது. கொடுத்தவர் யார் என்று வாக்காளன் கேட்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து பட்டியல் கேட்டபோது, கொடுத்தவரையும் வாங்கியவரையும் பொருத்திப் பார்க்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது பாரத ஸ்டேட் வங்கி. மார்ச் 11-ல் முடியாது என்றது நீதிமன்றம். மறுநாளே பட்டியல் தேர்தல் ஆணையத்தின் கைக்குப் போய்விட்டது. பொருத்துவதில் உலகத்தரம் வாய்ந்த தங்களை அந்த மாதங்களில் யாரும் உதவிக்குக் கூப்பிடவில்லையா? அங்கே பூஜ்யம் கூடுதல் என்பதால் கண் கூசியிருக்கலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. குறுஞ்செய்திக்குப் பின்னாலேயே வந்த மின்னஞ்சல் என்னைக் காலமான என் அப்பாவின் பெயரைச் சொல்லி விளித்தது. எங்கள் ஊரில் பெயருக்கு முன்னால் ஓரெழுத்து இனிஷியல்தான். தங்கள் படிவமோ கடைசிப் பெயர் இல்லாமல் ஆளையே ஏற்காது என்பதால் அப்பாவை என் பின்னால் நிறுத்தினேன். இப்போது வருமானத்தை மறைத்ததற்கு விளக்கம் தரச் சொல்லி அவரைக் கேட்கிறீர்கள். அவர் முப்பது வருஷம் பள்ளிக்கூட வாத்தியார். கையில் வருவதற்கு முன்பே சம்பளத்தில் வரியைப் பிடித்தீர்கள், ஒரு மாதம்கூட அவர் வாய் திறக்கவில்லை. வரி கட்டுவதில் எங்களுக்கு வருத்தமில்லை. கட்டுகிறவனைத் திருடனாகவும், கட்டாதவனை விருந்தாளியாகவும் நடத்துவதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு கூரான கண், ஆயிரம் கோடிக்கு எப்படி மங்குகிறது? கண்ணில் கோளாறு இல்லை. யாரைப் பார்க்க வேண்டும், யாரைப் பார்க்கக் கூடாது என்று யாரோ சொல்லித்தான் தருகிறார்கள்.

மன்னிக்க வேண்டும். கை நடுங்கியதில் பேனா சறுக்கிவிட்டது. தங்கள் கருணையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு 30 நாள் அவகாசத்தில் ஓடிபி போட்டு உறுதிசெய்ய வைக்கும் பரிவு வேறு எங்கே கிடைக்கும்? தாக்கல் கெடு தாண்டினால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் வாங்கி என்னை ஒழுங்குபடுத்துவதும் தாங்கள்தானே?

ஆகவே, என்னைப் பதவி உயர்த்த இயலாது என்றால் மாற்றாக ஒன்று கேட்கிறேன். அந்த ஒழுங்கை விசாரணை செய்பவர்களுக்கும் கொஞ்சம் கற்றுக்கொடுங்கள். பெரிய வழக்கை எடுத்த ஒவ்வொரு அமைப்பும் வருஷாவருஷம் ஜூலை 31-க்குள் ஒரு கணக்குத் தாக்கல் செய்யட்டும். எத்தனை கோடி என்று சொன்னோம், எத்தனை மீட்டோம், தேடுவதற்கு எத்தனை செலவழித்தோம், எத்தனை முறை வாய்தா வாங்கினோம் என்று நாலே நாலு கட்டம். பூஜ்யமாக இருந்தால் பூஜ்யம் என்றே போடட்டும், வெட்கம் வேண்டாம். சொன்னதும் மீட்டதும் பொருந்தாவிட்டால் தாங்கள் விடியற்காலையில் ஒரு செய்தி அனுப்புங்கள். ஆட்சி மாறியதும் கோப்பு தூங்கினாலும், குற்றம் சாட்டப்பட்டவர் கட்சி மாறியதும் வழக்கு குளிர்ந்தாலும், நாளைக்கு இத்தனை என்று தாமதக் கட்டணம் போடுங்கள். அதிகாரியின் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். அந்த வித்தை தங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

இதுவும் ஆகாது என்றால் அண்ணாச்சிக்காவது ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: ‘இவர் பெரிய ஆள் இல்லை. கடன் கொடுக்கலாம்’ என்று.

இப்படிக்கு,
தங்கள் கண்ணில் தப்பாமல் பட்டுக்கொண்டே இருக்கும்,
பான் எண் மட்டும் உள்ள குடிமகன்.

இணைப்பு:
1. வரி கட்டிய செலான் நகல்.
2. ஆடிட்டர் கட்டண ரசீது.
3. நெஞ்சுவலிக்கான மருத்துவச் சான்று – கைது நாள் முடிவானதும் தாக்கல் செய்யப்படும்.